குனுகேஷில் "இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்" கணக்கில் 386 ரூபாய் 41 பைசா: எங்கே தேடுவது?

வீட்டுப்பேரேடு:

அனைவருக்கும் வணக்கம். 2017 ஏப்ரல் முதல் எங்கள் வீட்டு வரவு செலவை குனுகேஷ் என்ற கட்டற்ற கணக்கு மென்பொருளில் எழுதி வருகிறேன். அதற்கு முன்பு அப்பா நீளநோட்டில் எழுதிவந்தார். அவர் கடைசியாக எழுதிய இருப்புத் தொகையைத் தொடக்க இருப்பாகப் போட்டுத்தான் இந்தக் கோப்பையே தொடங்கினேன். ஆகையால் இதில் ஒரு பைசா இடறினாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

சென்ற மாதம் புதுக் கணினிக்கு மாறினேன். உபுண்டு லினக்ஸில் குனுகேஷின் 5-ஆம் வரிசைப் பதிப்பை நிறுவி, பழைய கோப்பைத் திறந்தேன். வருமானவரிப் படிவத்துக்காக ஐந்தொகை அறிக்கையை எடுத்தபோது, நான் உருவாக்காத "இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்" என்ற கணக்கில் 386.41 ரூபாய் இருப்பதைக் கண்டேன். மாதந்தோறும் 10-ஆம் தேதி இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) செலுத்துகிறேன். ஒன்றில் 5,000, மற்றொன்றில் 10,000. முதல் ஃபண்டின் யூனிட் எண்ணிக்கை ஃபண்டு நிறுவனத்தின் கணக்கறிக்கையோடு அப்படியே பொருந்துகிறது. இரண்டாவதில் மட்டும் என் ஏட்டில் 0.018 யூனிட் குறைகிறது. குனுகேஷிலேயே உள்ள "செக் அண்ட் ரிப்பேர்" என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. புதிய பதிப்புக்கு மாறியதால் கோப்பு சேதமாகியிருக்குமா?

நெல்லை_லினக்ஸ்:

வணக்கம் சகோதரி. எனக்கும் ஒருமுறை அந்தக் கணக்கு தோன்றியது. தொகை சிறியதாக இருந்ததால், அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன். அதன்பிறகு ஐந்தொகை சரியாகவே வந்தது. ஏழு ஆண்டுக் கணக்கில் 386 ரூபாய் என்பது பொருட்படுத்தத் தக்க தொகையன்று என்பது என் கருத்து.

கட்டற்ற_கணக்கு:

சகோதரி, தயவுசெய்து அந்தக் கணக்கை அழித்துவிடாதீர்கள். ஒரு கணக்கை அழிக்கும்போது, அதிலுள்ள பதிவுகளை வேறொரு கணக்குக்கு மாற்றுவதா, முற்றிலும் நீக்குவதா என்று குனுகேஷ் கேட்கும். நீக்குவதைத் தேர்ந்தெடுத்தால், "இம்பேலன்ஸ்" வரி மட்டும் போகாது. அந்த வரி எந்தப் பரிவர்த்தனையில் இருக்கிறதோ அந்தப் பரிவர்த்தனை முழுவதுமே, வங்கியிலிருந்து போன பணமும் ஃபண்டில் வந்த யூனிட்டும் சேர்த்து, போய்விடும். நெல்லை நண்பர் வேறு கணக்குக்கு மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அவருடைய வங்கி இருப்பே மாறியிருக்கும்.

உங்கள் கோப்பு சேதமாகவில்லை. குனுகேஷ் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது; ஒரு பரிவர்த்தனையின் பற்றும் வரவும் சமமாகாமல் அதை ஏட்டில் ஏற்றவே அது சம்மதிக்காது. சமமாகாத பரிவர்த்தனையை நாம் பதிந்தால், விடுபட்ட தொகையைத் தானாகவே ஒரு வரியாகச் சேர்த்து, அதை அந்த நாணயத்தின் பெயரிலுள்ள இம்பேலன்ஸ் கணக்கில் வைக்கும். ஐஎன்ஆர் என்பது இந்திய ரூபாய். ஆகவே அந்தக் கணக்கு, நீங்கள் சொல்லாமல் விட்ட தொகைகளின் பட்டியல். "செக் அண்ட் ரிப்பேர்" செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். சமமாகாததைக் கண்டுபிடித்து அதே கணக்கில் தள்ளும். அந்தப் பணம் எதற்குப் போனது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

எதையும் தொடுவதற்கு முன்னால் கோப்பை வேறொரு பெயரில் நகலெடுத்து, வேறொரு வட்டில் வையுங்கள். உங்கள் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் இருந்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தேதியும் நேரமும் பெயரில் கொண்ட காப்புநகல் ஒன்று அதே கோப்புறையில் உருவாகும். இயல்பமைப்பில் அவை 30 நாட்கள் வைத்திருக்கப்படும். எஸ்கியூலைட் வடிவில் இருந்தால் அப்படிக் கிடையாது; நீங்கள் எண்டர் தட்டிய உடனே மாற்றம் தரவுத்தளத்தில் ஏறிவிடும், "சேமிக்காமல் வெளியேறு" என்ற தப்பிக்கும் வழியும் இல்லை. இத்தகைய திருத்த வேலைக்கு எக்ஸ்எம்எல் கோப்பே பாதுகாப்பானது. "சேவ் ஆஸ்" மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு விவரங்கள் வேண்டும். இம்பேலன்ஸ் கணக்கை இருமுறை சொடுக்கித் திறந்தால் அதன் பேரேடு தெரியும். அதில் முதல் பதிவின் தேதி என்ன? ஒவ்வொரு பதிவிலும் எவ்வளவு தொகை இருக்கிறது?

வீட்டுப்பேரேடு:

நகல் எடுத்துவிட்டேன். கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில்தான் இருக்கிறது.

முதல் பதிவின் தேதி 10-7-2020. அன்று முதல் 2024 ஜூன் வரை மாதத்துக்கு இரண்டு பதிவுகள், ஆக மொத்தம் 96. இவை தவிர, 2022 ஏப்ரலில் 350 ரூபாய்க்கு ஒரே ஒரு பதிவு தனியாக நிற்கிறது; அது எஸ்ஐபி சம்பந்தப்பட்டதன்று. அதைக் கழித்தால் மீதி 36.41. முதல் ஃபண்டின் பதிவுகளெல்லாம் 23 பைசாவுக்கும் 27 பைசாவுக்கும் இடையில் இருக்கின்றன. இரண்டாவது ஃபண்டில் மட்டும் ஒரு மாதம் 35 பைசா, ஒரு மாதம் 65 பைசா என்று அலைகிறது. 2017 முதல் 2020 ஜூன் வரை ஒரு பதிவுகூட இந்தக் கணக்கில் இல்லை. அப்படியானால் புதுப் பதிப்பின் மேல் பழி போட்டது என் தவறுதான்.

கட்டற்ற_கணக்கு:

2020 ஜூலை என்று நீங்கள் எழுதியதிலேயே முக்கால் பங்கு விடை வந்துவிட்டது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் மியூச்சுவல் ஃபண்டு யூனிட் வாங்கும்போது 0.005 விழுக்காடு முத்திரைத் தீர்வை பிடிக்கப்படுகிறது. 5,000 ரூபாய்க்கு அது 25 பைசா. 10,000 ரூபாய்க்கு 50 பைசா. வங்கியிலிருந்து முழு 5,000 போகும், யூனிட் ஒதுக்கப்படுவதோ 4,999.75 ரூபாய்க்கு. மாதம் 75 பைசா வீதம் 48 மாதத்துக்குச் சரியாக 36 ரூபாய்.

மீதமுள்ள 41 பைசா எப்படி வந்தது என்பதற்கு ஒரு பதிவைப் பிரித்துப் பார்ப்போம். முதல் ஃபண்டின் ஏதாவது ஒரு மாதத்துக்குரிய என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய விலை), யூனிட் இரண்டையும் தர முடியுமா? மாதப் பதிவை நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுப்பேரேடு:

ஜூன் மாதம்: என்ஏவி 52.3817, யூனிட் 95.448. இரண்டாவது ஃபண்டுக்கு என்ஏவி 31.2264, கணக்கறிக்கையில் 320.226 யூனிட் என்று இருக்கிறது, என் பேரேட்டில் 320.23 என்று தெரிகிறது.

முந்தைய மாதப் பரிவர்த்தனையை "டூப்ளிகேட்" செய்து, யூனிட்டையும் விலையையும் மாற்றி எண்டர் தட்டுவேன். பரிவர்த்தனை சமமாகவில்லை என்று ஒரு பெட்டி வரும். அதில் "குனுகேஷே ஒரு சரிக்கட்டும் வரியைச் சேர்க்கட்டும்" என்ற தேர்வை அழுத்துவேன். நான்கு ஆண்டுகளாக அதைத்தான் அழுத்தி வந்திருக்கிறேன்.

கட்டற்ற_கணக்கு:

அந்தப் பெட்டிதான் 96 வரிகளுக்கும் பிறப்பிடம்.

95.448 யூனிட்டை 52.3817-ஆல் பெருக்கினால் 4,999.7285 வரும், பைசாவுக்கு முழுமையாக்கினால் 4,999.73. வங்கியிலிருந்து போனது 5,000. வித்தியாசம் 27 பைசா. இதில் 25 பைசா முத்திரைத் தீர்வை. மற்ற 2 பைசா, யூனிட்டை மூன்று தசம இடத்தோடு நிறுத்துவதால் வருவது. இந்த இரண்டாவது பகுதி ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். ஐம்பது ரூபாயை ஒட்டிய என்ஏவியில் அது இரண்டரை பைசாவைத் தாண்டாது. முதல் ஃபண்டின் பதிவுகள் 23-க்கும் 27-க்கும் இடையில் அடங்கி நிற்பது அதனால்தான்.

இரண்டாவது ஃபண்டில் அலைச்சல் 15 பைசா வரை போகிறதென்றால், அங்கே யூனிட் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கப்படுகிறது என்று பொருள். 320.226 என்று நீங்கள் தட்டியதை குனுகேஷ் 320.23 ஆக்கியிருக்கிறது. இப்படி ஒரு மாதம் கூடியும் ஒரு மாதம் குறைந்தும் வந்ததன் மொத்தம்தான் உங்கள் 0.018 யூனிட் குறை. 41 பைசாவில் பெரும்பங்கும் அதுவே. உங்களுடைய இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான்.

அந்த ஃபண்டை முதன்முதலில் சேர்த்தபோது, யூனிட்டின் மிகச்சிறிய பின்னம் அமைப்பில் 1/100 என்று விழுந்திருக்கும். "டூல்ஸ்" மெனுவில் "செக்யூரிட்டி எடிட்டர்" திறந்து, அந்த ஃபண்டைத் திருத்தி, "ஃபிராக்ஷன் ட்ரேடட்" என்ற இடத்தில் 1000 என்று மாற்றுங்கள். பிறகு கணக்குப் பட்டியலில் அந்த ஃபண்டின் கணக்கைத் திருத்தும் சாளரத்துக்குப் போய், "ஸ்மாலஸ்ட் ஃபிராக்ஷன்" என்பது "யூஸ் கமாடிட்டி வேல்யூ" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் பார்க்க வேண்டும். கணக்கில் தனியாக 1/100 என்று வைக்கப்பட்டிருந்தால், எடிட்டரில் மாற்றியதனால் மட்டும் பலன் கிடைக்காது. இது இனிமேல் போடும் பதிவுகளுக்கே உதவும். ஏற்கெனவே வெட்டப்பட்ட மூன்றாவது தசமம் தானாகத் திரும்பி வராது.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர்:

இந்த இழையை மகிழ்ச்சியோடு படித்து வருகிறேன். கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஒரு செய்தி. ஒருங்கிணைந்த கணக்கறிக்கையை எடுத்து 2020 ஜூலைக்குப் பிந்தைய பக்கங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கொள்முதல் வரியிலும் தொகை 4,999.75 என்றும், அதற்கு அடுத்த வரியில் முத்திரைத் தீர்வை 0.25 என்றும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். ஆவணம் தெளிவாகவே இருந்திருக்கிறது. நீங்கள் யூனிட்டையும் என்ஏவியையும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, தொகைக் கட்டத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

திருத்தம் செய்வதானால் பதிவு பதிவாகச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. கடைசித் தேதியில் 0.018 யூனிட்டை ஒரே வரியாகச் சேர்த்து மொத்தத்தைச் சரிக்கட்டிவிடலாம்தான். ஆனால் நாளைக்கு நீங்கள் யூனிட் விற்கும்போது, முதலில் வாங்கியது முதலில் விற்கப்பட்டதாகக் கொண்டே மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். அப்போது ஒவ்வொரு மாதத்து யூனிட்டும் அதன் அடக்கவிலையோடு தனித்தனியே தேவைப்படும். 2021-இல் வாங்கிய தொகுதியில் 0.004 யூனிட் குறைவாக இருந்து, 2024-இல் 0.018 யூனிட் எந்த விலையும் இல்லாமல் தொங்கினால், நிறுவனம் தரும் மூலதன ஆதாய அறிக்கையோடு உங்கள் ஏடு எந்த வரியிலும் ஒத்துப்போகாது.

நெல்லை_லினக்ஸ்:

கணக்கை அழிக்கச் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். என் பழைய கோப்பையும் இன்றே திறந்து பார்க்கப் போகிறேன். ஆனாலும் 96 பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து திருத்துவது தேவைதானா? 350 ரூபாயைத் தனியே பிரித்தெடுத்துவிட்டு, இம்பேலன்ஸ் கணக்கின் பெயரையே "முத்திரைத் தீர்வை" என்று மாற்றி, அதைச் செலவினக் கணக்குகளின் கீழ் கொண்டுபோய் வைத்தால் போதாதா? 36.41-இல் 36 ரூபாய் உண்மையிலேயே தீர்வைதானே.

கட்டற்ற_கணக்கு:

முதல் ஃபண்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நண்பரே. அங்கே யூனிட் சரியாக இருக்கிறது. அடக்கவிலையில் இரண்டு பைசா இப்படி அப்படி இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. நேரம் இல்லாதவர்கள் அந்த 48 பதிவுகளுக்கு மட்டும் உங்கள் வழியைப் பின்பற்றலாம். இரண்டாவது ஃபண்டில் யூனிட்டே தவறு. அங்கே தணிக்கையாளர் ஐயா சொன்னதுதான் சரி. பெயரை மாற்றினாலும், அடுத்த மாதம் அதே பெட்டியில் அதே தேர்வை அழுத்தினால், குனுகேஷ் புதிதாக ஓர் இம்பேலன்ஸ் கணக்கை உருவாக்கத்தான் போகிறது. ஆகவே பதிவு போடும் பழக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

செலவினங்களின் கீழ் "முத்திரைத் தீர்வை" என்று ஒரு கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். மாதப் பரிவர்த்தனையைப் பிரித்துக்காட்டும் பார்வையில் திறந்தால் அதில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: வங்கியிலிருந்து 10,000 வெளியே, தீர்வைக்கு 0.50, ஃபண்டுக்கு 9,999.50. ஃபண்டு வரியில் யூனிட் 320.226 என்றும் தொகை 9,999.50 என்றும் இடுங்கள். விலைக் கட்டத்தைத் தொட வேண்டாம். யூனிட், விலை, தொகை ஆகிய மூன்றில் இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதை குனுகேஷ் கணக்கிட்டுக்கொள்ளும். எதை மறுபடி கணக்கிடுவது என்று கேட்டால் விலையைத் தேர்ந்தெடுங்கள். இதுவரை நீங்கள் யூனிட்டையும் விலையையும் கொடுத்து, தொகையை அதன் கணக்குக்கு விட்டுவிட்டீர்கள். மூன்றில் யூனிட்டும் தொகையும் ஆவணத்தில் உள்ளபடி நிற்க வேண்டியவை. விலையின் நான்காவது தசமம் சற்று நகர்வதால் பாதிப்பில்லை. உங்கள் முதல் ஃபண்டுக்கு 52.3817 என்பது 52.3819 என்று தெரியும், அவ்வளவுதான்.

பழைய பதிவுகளைத் திருத்த, இம்பேலன்ஸ் பேரேட்டில் ஒரு பரிவர்த்தனையைப் பிரித்துக்காட்டி, அதன் ஃபண்டு வரியில் நின்றுகொண்டு "ஜம்ப்" பொத்தானை அழுத்தினால் ஃபண்டின் கணக்குக்குப் போகலாம். அங்கே பிரித்துக்காட்டி, இம்பேலன்ஸ் என்றுள்ள வரியின் கணக்குப் பெயரை முத்திரைத் தீர்வையாக மாற்றி, தொகையை 0.50 ஆக்கி, யூனிட்டையும் தொகையையும் சரிசெய்து எண்டர் தட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் இம்பேலன்ஸ் பேரேட்டில் ஒரு வரி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். வங்கிக் கணக்கு ஏற்கெனவே அறிக்கையோடு சரிபார்க்கப்பட்டு "ஆர்" கட்டத்தில் "ஒய்" என்ற குறி பெற்றிருந்தால், திருத்தும்போது எச்சரிக்கை வரும். நீங்கள் வங்கி வரியின் தொகையைத் தொடாதவரை அந்தச் சரிபார்ப்பு கெடாது.

வீட்டுப்பேரேடு:

இரண்டு மாலை நேரங்கள் ஆயின. செக்யூரிட்டி எடிட்டரில் நீங்கள் சொன்னபடியே 1/100 என்றுதான் இருந்தது, 1/1000 ஆக்கினேன். முதல் மாலையில் இரண்டாவது ஃபண்டின் 48 பதிவுகளையும் கணக்கறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன். கடைசிப் பதிவில் எண்டர் தட்டியதும் யூனிட் மொத்தம் கணக்கறிக்கையின் மூன்று தசமத்தோடும் பொருந்தியது. மறுநாள் முதல் ஃபண்டையும் விடாமல் முடித்துவிட்டேன். நெல்லை நண்பர் தந்த சலுகையைப் பயன்படுத்த மனம் வரவில்லை. முத்திரைத் தீர்வைக் கணக்கில் இப்போது சரியாக 36.00 நிற்கிறது. இம்பேலன்ஸில் 350.00 மட்டும் மீதி; அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே வேறு மூன்றையும் சரிசெய்துகொள்ள விரும்புகிறேன். பழைய கணினியில் 12,34,567 என்று தெரிந்த தொகைகள் இப்போது 1,234,567 என்று தெரிகின்றன. அறிக்கைகள் ஜனவரியிலிருந்து தொடங்குகின்றன. என்ஏவியை நானே தட்டாமல் தானாக வரவழைக்க முடியுமா?

நெல்லை_லினக்ஸ்:

இவற்றுக்கு என்னால் உறுதியாக விடை சொல்ல முடியும், சகோதரி. காற்புள்ளி இடும் முறையை குனுகேஷ் இயங்குதளத்தின் வட்டார அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உபுண்டு அமைப்புகளில் மொழி, வட்டாரம் என்ற பகுதியில் மொழியை அப்படியே விட்டுவிட்டு, "ஃபார்மட்ஸ்" என்பதை மட்டும் இந்தியா என்று மாற்றி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். இலட்சமும் கோடியும் உரிய இடத்தில் பிரியும்.

நிதியாண்டுக்கு, விருப்பத்தேர்வுகளில் "அக்கவுண்டிங் பீரியட்" பகுதியில் தொடக்கத்தை 1-4-2024 என்றும் முடிவை 31-3-2025 என்றும் நிலையான தேதிகளாக இடுங்கள். "இவ்வாண்டின் தொடக்கம்" என்ற தேர்வு ஜனவரியைத்தான் குறிக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் நீங்களே மாற்ற வேண்டியிருக்கும். நான் ஏப்ரல் முதல் தேதி செய்யும் முதல் வேலை அது.

என்ஏவிக்கு ஃபைனான்ஸ்-கோட் என்ற பெர்ல் நிரல்மொழித் தொகுப்பு தேவை. "ஹெல்ப்" மெனுவின் "அபௌட்" சாளரத்தில் அதன் பதிப்பு எண் தெரிந்தால் அது நிறுவப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளம் வெளியிடும் என்ஏவிப் பட்டியலில் உங்கள் ஃபண்டின் திட்டக் குறியீட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரே ஃபண்டுக்கு நேரடித் திட்டம், வழக்கமான திட்டம், வளர்ச்சி, ஈவுத்தொகை என்று தனித்தனி எண்கள் இருக்கும். பெயரை முழுவதுமாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணை செக்யூரிட்டி எடிட்டரில் குறியீட்டுக் கட்டத்தில் இட்டு, விலை மூலமாக இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கானதைத் தேர்ந்தெடுத்தால், விலைத் தரவுத்தளத்தில் "கெட் கோட்ஸ்" அழுத்தியவுடன் வந்துவிடும். அன்றன்றைய என்ஏவி இரவில்தான் வெளியாகும் என்பதால் பகலில் கேட்டால் முந்தைய வேலைநாளின் விலை கிடைக்கும், அது பிழையன்று.

என் பழைய கோப்பையும் பார்த்துவிட்டேன். நான் அழித்தபோது பதிவுகள் "இதர செலவு" கணக்குக்கு மாறியிருக்கின்றன. 2020 ஆகஸ்ட் முதல் மாதம் 10 பைசா. என் எஸ்ஐபி 2,000 ரூபாய்.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர்:

அம்மா, அந்த 350 ரூபாய்ப் பதிவில் மற்ற வரிகள் என்ன சொல்கின்றன? முழுத் தொகையில் வரும் 350 முழுமையாக்கல் பிழையாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு வரி விடுபட்டிருக்க வேண்டும்.

வீட்டுப்பேரேடு:

கிடைத்துவிட்டது ஐயா. மருந்துக்கடை ரசீது ஒன்று, மொத்தம் 1,240 ரூபாய். அதை "மருந்து" 890 என்று ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டாவது வரியை எழுதாமலே எண்டர் தட்டியிருக்கிறேன். ரசீதுகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கும் அப்பாவின் பழக்கம் வீட்டில் இன்னும் இருப்பதால், 2022-23 கட்டில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டைகள், ஒரு பெட்டி, 350.00. "மருத்துவக் கருவிகள்" என்ற கணக்கில் ஏற்றிவிட்டேன். இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர் இப்போது 0.00 காட்டுகிறது. இம்மாத எஸ்ஐபியை நீங்கள் சொன்ன மூன்று வரி முறையில் பதிந்தேன். அந்தப் பெட்டி வரவில்லை.